யாருக்குச் சொல்வது, எவ்வளவு சொல்வது: போக்சோ விசாரணையில் மறைகாப்பும் தகவல் பகிர்வும்

குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமை ஒரே இடத்தில் முழு உருவத்தோடு வெளிப்படுவது அரிது. ஒரு சூழலை எண்ணிப் பார்க்கலாம். சிறுமி ஒருத்தி திங்கட்கிழமைதோறும் பள்ளிக்கு வராதது வகுப்பாசிரியருக்குத் தெரியும். அவளே சிறுநீர்த் தொற்றுக்காக மூன்று மாதத்தில் இருமுறை வந்தது ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரியும். அவள் வீட்டில் உறவினர் ஒருவர் வந்து தங்கியிருப்பது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் சந்தேகத்துக்கு உரியதன்று. மூன்றும் ஒரு மேசைக்கு வரும்போதுதான் கேள்வி பிறக்கிறது.

குழந்தைகளின் பாதுகாப்பு குறித்த இந்தியச் சட்டங்கள் இரண்டு எல்லைகளைத் தெளிவாக வகுத்துள்ளன. காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊருக்குச் சொல்லவே கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே, விசாரணையில் பங்குகொள்ளும் மருத்துவர், உளவள ஆலோசகர், ஆசிரியர், காவலர், குழந்தைகள் நலக் குழுவினர் ஆகியோர் தங்களுக்குள் எதை, எவ்வளவு பகிரலாம் என்பது பற்றிச் சட்டம் குறைவாகவே பேசுகிறது. மறைகாப்பு குழந்தையின் உரிமை என்பதிலிருந்து தொடங்கினால் மட்டுமே இந்த இடைவெளியை நேர்மையாக நிரப்ப முடியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும், நடக்கக்கூடும் என அஞ்சும் எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. தகவல் பெற்ற காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் அறிவிக்க வேண்டும். மறுபுறம், குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடுவதை 23ஆம் பிரிவு தடுக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் இதே நோக்கம் கொண்டது.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இன்னும் ஆழ்ந்து படிக்கத்தக்கது. குழந்தைகள் நலக் குழு பரிசீலிக்கும் அறிக்கைகள் அனைத்தும் இரகசியமானவை என்கிறது அது. அவற்றின் சாரத்தை மற்றொரு குழுவுக்கோ இளைஞர் நீதி வாரியத்துக்கோ, குழந்தைக்கோ பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரிவிக்கலாம் எனவும் அனுமதிக்கிறது. சிகிச்சை தரும் மருத்துவமனையும் குழந்தை திரும்பிச் செல்லவிருக்கும் பள்ளியும் அந்த வரிசையில் இல்லை. 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைக்கு உதவும் துணை நபர் எல்லாத் தகவலையும் இரகசியமாகக் காக்க வேண்டும் என்கின்றன. அவருடைய அன்றாட வேலையோ காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகிய மூன்று வாசல்களிலும் பேசுவது. காக்க வேண்டும் என்று சொன்ன விதி, எங்கே எவ்வளவு பேசலாம் என்பதை அவருடைய மனச்சான்றுக்கே விட்டுவிட்டது.

நெறி இல்லாத இடத்தில் பழக்கம் ஆட்சி செய்கிறது. முறையாகக் கேட்கும் சக அதிகாரிக்கு "இரகசியம்" என்ற ஒற்றைச் சொல்லே பதிலாகிறது. அதே நேரம் மருத்துவமனை வார்டில் "போக்சோ கேஸ்" என்று உரக்கக் கூப்பிடுவதில் எவருக்கும் தயக்கம் இருப்பதில்லை. தேவைப்படுபவருக்கு மூடிய கதவு, தேவையற்றவருக்குத் திறந்தே கிடக்கிறது.

பிரிட்டன் தரும் இரட்டைப் பாடம்

2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னை வளர்க்கப் பொறுப்பேற்றவர்களின் கொடுமையால் இறந்தாள். நான்கு உள்ளாட்சிகளின் சமூகநலத் துறைகள், இரண்டு மருத்துவமனைகள், காவல்துறையின் இரண்டு குழந்தைப் பாதுகாப்புக் குழுக்கள் அவளை அறிந்திருந்தன. இந்த மரணத்தை விசாரித்து 2003இல் வெளியான லேமிங் பிரபுவின் அறிக்கை, தலையிட்டுக் காப்பாற்றியிருக்கக்கூடிய பன்னிரண்டு வாய்ப்புகளேனும் தவறவிடப்பட்டதைக் காட்டி, 108 பரிந்துரைகளை முன்வைத்தது. துறைகளுக்கு இடையே தகவல் ஒழுங்காகச் சென்று சேராதது அந்தத் தோல்வியின் முக்கியக் கூறு.

அதன் பின்னர் அரசு எதிர்முனைக்குச் சென்றது. இங்கிலாந்தின் குழந்தைகள் அனைவரையும் உள்ளடக்கிய காண்டாக்ட்பாயிண்ட் தரவுத்தளம் 2009இல் தொடங்கி, அந்தரங்கம் பற்றிய கடும் எதிர்ப்புக்கு இடையே 2010இல் மூடப்பட்டது. ஸ்காட்லாந்தின் 2014ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, குழந்தையின் நலன் தொடர்பான தகவல்களைப் பகிர வழிசெய்தது. 2016 ஜூலையில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் அந்தப் பகிர்வு விதிகள் குடும்ப வாழ்வுக்கும் அந்தரங்கத்துக்குமான உரிமையோடு முரண்படுவதாகத் தீர்ப்பளித்தது. ஆபத்து இருக்கும்போது பகிர்வது வேறு. "நலன்" என்ற பரந்த சொல்லின் கீழ் எல்லாவற்றையும் பகிர்வது வேறு. எல்லோரும் எல்லாவற்றையும் அறியும் ஏற்பாட்டில், எது அவசரம் என்பதும் கூட்டத்தில் தொலைந்துபோகும்.

வழக்குக் கோப்பு என்னும் வாசல்

நம் சூழலில் மிகைப் பகிர்வுக்குக் குறிப்பான ஆபத்து ஒன்று உண்டு. குற்ற வழக்கில் காவல்துறை சார்ந்திருக்கும் வாக்குமூலங்களின், ஆவணங்களின் நகலைக் குற்றம் சாட்டப்பட்டவர் பெற வேண்டும். நியாயமான விசாரணைக்கு இது இன்றியமையாதது. ஆனால், ஆலோசகரின் அமர்வுக் குறிப்புகள் முழுமையாக அந்தக் கோப்பில் சேர்ந்தால், குழந்தை தன் தாயைப் பற்றியும் பயங்களைப் பற்றியும் நம்பிச் சொன்னவை எதிராளியின் கைக்குப் போகும். குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராக இருந்தால், அந்த வீட்டில் குழந்தையின் வாழ்வு என்னாகும்? "பகிர்ந்தால் குழந்தை இனிப் பேசாது" என்னும் ஆலோசகரின் அச்சத்துக்கு உறுதியான அடிப்படை இருக்கிறது.

"பாதி தெரிந்து விசாரித்தால் வழக்கு நிற்காது" என்னும் காவல் அதிகாரியின் கவலையும் உண்மையே. இருவர் தேவையையும் இணைக்கும் நெறி நம் சட்டங்களிலேயே இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 23ஆம் பிரிவு மறைகாப்பை உரிமையாக ஏற்று, பிறரை ஆபத்திலிருந்து காக்கத் தகவல் தரலாம் என்கிறது. ஆனால் அந்த ஆபத்தைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 2022 செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பில் இத்தகைய சமநிலையைக் கண்டது. இளம் சிறுமியின் கருக்கலைப்புக்காக அணுகப்படும் மருத்துவர், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை வெளியிட வேண்டியதில்லை என்றது. தெரிவிக்கும் கடமை நிலைக்கிறது. பெயர் மட்டும் காக்கப்படுகிறது.

பகிர்வுக்கு ஒரு நெறி

இவற்றிலிருந்து நடைமுறை நெறி ஒன்றை வகுக்கலாம். முதலாவது, கேட்பவர் கோப்பைக் கேட்காமல் கேள்வியைக் கேட்க வேண்டும். "ஆலோசனைக் குறிப்புகளைத் தாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் குழந்தை வீட்டுக்குத் திரும்புவது பாதுகாப்பானதா?" என்று கேட்டால் பதில் இரண்டு வரியில் முடியும். இரண்டாவது, கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் தனித்தனியே எழுத வேண்டும். ஒருவரின் ஊகம் அடுத்த மேசையில் உண்மையாகிவிடும் ஆபத்தை இது தடுக்கும். மூன்றாவது, தகவல் வந்து சேரும் மையமாகக் குழந்தைகள் நலக் குழு அமைய வேண்டும். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் காவல்துறையின் முதற்கட்ட மதிப்பீட்டு அறிக்கை அக்குழுவுக்குச் செல்ல 2020 விதிகள் ஏற்கெனவே வகைசெய்துள்ளன. இளைஞர் நீதிச் சட்டத்தின் 99ஆம் பிரிவைத் திருத்தி, சிகிச்சைக்கும் பாதுகாப்புக்கும் தேவையான சாரத்தை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் எழுத்து வடிவில் தர அக்குழுவுக்குத் தெளிவான அதிகாரம் அளிக்கலாம்.

நான்காவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று குழந்தைக்கு எவரும் வாக்களிக்கக் கூடாது. யாரிடம், ஏன், எதைச் சொல்லப்போகிறோம் என்பதை அதன் வயதுக்குப் புரியும் சொற்களில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்லாதே" என்ற மிரட்டலில் வாழ்ந்த குழந்தைக்குத் தன்னை மீறிச் செய்தி பரவுவதும் இன்னொரு துரோகமாகவே படும்.

99ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டவர் தம் வழக்குப் பதிவுகளைப் பார்ப்பதை மறுக்கக் கூடாது என்கிறது. ஆகவே ஒவ்வொரு பகிர்வும் நாள், பெறுபவர், காரணம் ஆகியவற்றோடு பதிவாக வேண்டும். வளர்ந்த பிறகு அந்தக் குழந்தை வந்து கேட்கும் நாளில், கூச்சமின்றி எடுத்துக் கொடுக்கத்தக்கதாக அந்தப் பதிவேடு இருக்க வேண்டும்.