துவக்கும் அனுமதிப்பத்திரமும்

1865ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே, அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஓராண்டும் நிரம்பாத வேளையில், மிசிசிப்பி மாநிலச் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. அடிமைத் தளையினின்றும் அப்போதுதான் விடுபட்ட கறுப்பின மக்களுள், படைச் சேவையில் இல்லாத எவரும், தம் மாவட்டத்துப் பொலிஸ் சபையாரின் அனுமதிப்பத்திரம் இன்றித் துவக்கோ, வெடிமருந்தோ, குத்துவாளோ வைத்திருத்தலும் ஏந்துதலும் குற்றம் என்பது அச்சட்டத்தின் விதி. 2016ஆம் ஆண்டிலே அதே மிசிசிப்பியின் சட்டசபை, கைத்துப்பாக்கியை உறையிலிட்டு மறைத்துக்கொண்டு வீதியில் நடமாட எந்த அனுமதிப்பத்திரமும் வேண்டியதில்லை என்று இன்னொரு சட்டம் செய்தது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையே கிடப்பது ஒன்றரை நூற்றாண்டு. முன்னதை அடிமை முதலாளிகளின் கொடுமை என்றும், பின்னதை அமெரிக்கரின் துவக்கு மோகம் என்றும் தனித்தனியே ஒதுக்கிவிடுதல் எளிது. இரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குவதே பயன் தரும் என்பது நமது கருத்து.

மிசிசிப்பி தனித்து நிற்கவில்லை. 2003இல் அலாஸ்கா, 2010இல் அரிசோனா, 2011இல் வயோமிங் என மெல்லத் தொடங்கிய இவ்வகைச் சட்டம் 2015க்குப் பின் வேகங்கொண்டது. கன்சாஸ், மேயின், மேற்கு வேர்ஜீனியா, ஐடஹோ, மிசூரி, நியூ ஹம்சயர், வட டக்கோட்டா, தென் டக்கோட்டா, ஒக்லஹோமா, கென்ரக்கி என அது பரவியது. 2021இல் மட்டும் யூட்டா, மொன்ரானா, ஐயோவா, ரென்னசி, ரெக்சாஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்தன. 2024இல் லூசியானாவும் தென் கரோலினாவும் இணைந்தபோது ஐம்பது மாநிலங்களுள் இருபத்தொன்பது இவ்வழியில் நின்றன. இதன் ஆதரவாளர் இதற்கு 'யாப்புவழி ஏந்துரிமை' என்று பெயரிட்டிருக்கின்றனர். நாட்டின் அரசியல் யாப்பே ஆதியில் அளித்த உரிமை மீண்டும் மக்களிடம் சேர்கிறது என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

ஆதியில் இருந்தது யாது? 1680ஆம் ஆண்டிலேயே வேர்ஜீனியாக் குடியேற்றத்தின் சட்டசபை, கறுப்பின அடிமைகள் தடியோ வாளோ துவக்கோ ஏந்தலாகாது எனச் சட்டமியற்றிற்று. புகையிலைத் தோட்டத்திலும் பின்னர் பருத்தித் தோட்டத்திலும் உழைத்தோரின் தொகை, உடையோரின் தொகையினும் பல இடங்களில் மிகுந்திருந்தது. ஆதலால் ஆயுதம் யார் கையில் என்பது அச்சமுதாயத்தின் உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1857இல் டிரெட் ஸ்கொட் வழக்கிலே பிரதம நீதியரசர் ரோஜர் ரேனி இதை ஒளிவு மறைவின்றி எழுதினார். கறுப்பரைக் குடிமக்கள் என ஏற்றால், அவர்கள் போகும் இடமெங்கும் ஆயுதம் ஏந்தும் உரிமையும் அவர்களுக்கு வந்துவிடுமே என்பது, குடியுரிமையை மறுக்க அவர் கண்ட காரணங்களுள் ஒன்று. ஏந்துரிமை குடிமகனின் இயல்பான உரிமை என்பதை அவர் மறுக்கவில்லை. குடிமகன் யார் என்பதைத்தான் வரையறுத்தார்.

வெள்ளையர் தமக்குள்ளும் கட்டுப்பாடு விதித்துக்கொண்டதுண்டு. 1813இல் கென்ரக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்துக் கொண்டுசெல்வதைத் தடைசெய்தன. வெளிப்படையாக ஏந்துவது மானமுள்ளவன் செயல், மறைத்து ஏந்துவது கொலைஞன் செயல் என்பது அக்காலத்து எண்ணம். இன்று இருபத்தொன்பது மாநிலங்கள் அனுமதித்திருப்பது பெரும்பாலும் அந்த மறைத்து ஏந்துதலைத்தான் என்பதை யாப்பின் தூய்மை பேசுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

உள்நாட்டுப் போரின் பின்னர் மிசிசிப்பிச் சட்டம் போன்றவற்றை முறியடிக்கவே 1866இன் குடியியல் உரிமைச் சட்டமும், 1868இல் பதினான்காவது யாப்புத் திருத்தமும் வந்தன. ஆனால் ஏட்டில் எழுதிய உரிமை களத்தில் என்னவாயிற்று? 1873ஆம் ஆண்டு ஏப்ரில் 13ஆம் நாள், லூசியானாவின் கோல்பக்ஸ் ஊரில், நீதிமன்றக் கட்டிடத்தைக் காத்துநின்ற கறுப்பின மக்களை வெள்ளையர் படையொன்று தாக்கிப் பெருந்தொகையாகக் கொன்றது. சரணடைந்தோரும் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வழக்கிலே தண்டனை பெற்ற சிலரையும் 1876இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஆயுதம் ஏந்தும் உரிமை பற்றிய இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களையோ தனியாரையோ கட்டுப்படுத்தாது என்பது தீர்ப்பு. அவ்வளவுதான், தென்மாநிலங்களின் கை அவிழ்ந்துவிட்டது.

இனத்தின் பெயரை வெளிப்படையாக எழுதமுடியாத நிலையில் அவர்கள் பணத்தின் பெயரால் எழுதினர். 1879இல் ரென்னசி மாநிலம், தரைப்படையும் கடற்படையும் பயன்படுத்தும் வகைக் கைத்துப்பாக்கிகளைத் தவிர ஏனையவற்றைத் தடுத்தது. அப்படைத் துப்பாக்கிகள் விலை மிகுந்தவை. பழைய தென்பகுதிப் போர்வீரரிடம் அவை முன்னரே இருந்தன. குத்தகைக்குப் பயிரிடும் கறுப்பு உழவன் அவற்றை எங்ஙனம் வாங்குவான்? 1893இல் புளோரிடா சில வகைத் துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் விதித்தது. அதன் உட்பொருளை 1941இல் அம்மாநில நீதியரசர் ஒருவரே தீர்ப்பொன்றில் வெளிப்படுத்தினார். ரெப்பந்தைன் காடுகளிலும் மரம் அரியும் முகாம்களிலும் வேலைசெய்யவந்த கறுப்புத் தொழிலாளரை நிராயுதபாணிகளாக்கவே அச்சட்டம் பிறந்ததென்றும், வெள்ளையர்மீது அதைச் செலுத்தும் எண்ணமே இருந்ததில்லையென்றும் அவர் எழுதினார். சட்டம் எல்லாருக்கும் பொதுவென்று ஏட்டிலிருக்க, அது யார்மீது பாயவேண்டும் என்பது ஷெரீப்பின் மனத்திலிருந்தது. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம்மவர் சொல்வது இதைத்தான்.

வடக்கிலும் இதுவே நடந்தது, நிறம் மட்டும் மாறியது. நியூ யோர்க்கின் 1911ஆம் ஆண்டுச் சட்டம், கைத்துப்பாக்கி வைத்திருக்க அனுமதிப்பத்திரம் கோரியபோது, பொலிசார் முதலில் தேடிச்சென்றது இத்தாலியக் குடியேறிகளை.

மொன்ற்கொமரி நகரின் பஸ் பகிஷ்காரம் நடந்துகொண்டிருந்த 1956ஆம் ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டிலே குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். அதன்பின் கிங் கைத்துப்பாக்கி ஏந்த அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். அந்நாளில் அலபாமாவில் அவரைவிட உயிராபத்து மிகுந்த மனிதர் எவரும் இருந்திருக்க முடியாது. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அகிம்சையின் அடையாளமாக இன்று பாடநூல்களில் நிற்கும் அவர் ஒருகாலத்தில் துவக்கு அனுமதி கேட்டார் என்பது சிலருக்கு உவப்பாயிராது. ஆனால் அவ்விண்ணப்பம் அவருடைய கொள்கையைக் காட்டுவதைவிட, அனுமதி வழங்கும் மேசையில் யார் அமர்ந்திருந்தார் என்பதையே நமக்குக் காட்டுகிறது.

1966இல் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரிலே கறுஞ்சிறுத்தைக் கட்சி தோன்றியது. குண்டேற்றிய துவக்கை வெளிப்படையாக ஏந்துதல் அம்மாநிலத்தில் அன்று சட்டத்துக்கு உட்பட்டதே. அவ்வுரிமையைப் பயன்படுத்தி, கறுப்பர் சேரிகளில் பொலிசார் நடந்துகொள்ளும் முறையைக் கட்சியின் இளைஞர் கண்காணிக்கத் தொடங்கினர். உடனே அதைத் தடுக்கும் மசோதா எழுந்தது. 1967ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் அவர்கள் துவக்குகளுடன் சட்டசபைக் கட்டிடத்துக்கே சென்று எதிர்ப்புத் தெரிவித்தனர். சில வாரங்களில் மசோதா சட்டமாயிற்று. கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் றீகன். தேசியத் துவக்குச் சங்கமும் அச்சட்டத்தை எதிர்க்கவில்லை, ஆதரித்தது.

இச்சங்கத்தைப் பற்றி இங்கு சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1871இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சியை வளர்க்கத் தோன்றிய அது, நெடுங்காலம் வேட்டைக்காரரும் விளையாட்டு வீரரும் கூடிய அமைப்பாகவே இருந்தது. 1934இல் அதன் தலைவரே, கண்டபடி துவக்கேந்தித் திரிவதில் தமக்கு நம்பிக்கையில்லை என்று பிரதிநிதிகள் சபைக் குழுவின்முன் சாட்சியமளித்தார். 1977இல் சின்சினாற்றி நகரில் கூடிய மகாநாட்டில், ஹார்லன் காட்டரும் அவரைச் சேர்ந்தோரும் பழைய தலைமையைக் கவிழ்த்தனர். அன்றிலிருந்து சங்கம் அரசியற் படையாயிற்று. அக்காலத்தில் நகரங்களிலே குற்றம் பெருகியிருந்தது. கறுப்பர் வாழும் உள்நகரைக் கண்டஞ்சி வெள்ளை நடுத்தர வர்க்கம் புறநகருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அச்சமே கைத்துப்பாக்கிக்குச் சந்தையாயிற்று. வேட்டைத் துவக்கை ஒருவன் ஒருமுறை வாங்கினால் பேரனுக்கும் உதவும். தற்காப்பென்று விற்கப்படும் கைத்துப்பாக்கியோ, வீட்டுக்கொன்று, வாகனத்துக்கொன்று, இடுப்புக்கொன்று என விற்பனையாகும். இவ்வியாபாரத்துக்குத் தேவைப்பட்டது ஏந்திச்செல்லும் உரிமை. முதலாளித்துவம் தத்துவத்தைத் தேடிப்போவதில்லை. வேண்டிய தத்துவத்தைச் செய்வித்துக்கொள்கிறது.

முதற்படி 1987இல் புளோரிடாவில் வைக்கப்பட்டது. தகுதியுடையோர் எவர் கேட்பினும் அதிகாரி அனுமதிப்பத்திரம் கொடுத்தேயாகவேண்டும் என்பது அவ்வாண்டுச் சட்டம். அதிகாரியின் விருப்பு வெறுப்பு ஒழிந்தது என்றவகையில் அதில் ஒரு நியாயமும் இருந்தது. கிங்கின் விண்ணப்பத்தை மறுத்த கை அதில் கட்டப்பட்டிருக்கும். ஆனால் இயக்கம் அங்கு நிற்கவில்லை. அடுத்த படிக்கு உதாரணமாக வேமொன்ற் எடுத்துக்காட்டப்பட்டது. அனுமதிப்பத்திரமே என்றும் இல்லாதிருந்த மாநிலம் அது. 1903இல் ரட்லண்ட் நகரசபையின் விதியொன்றை அதன் நீதிமன்றம் செல்லாதென அறிவித்ததோடு பேச்சு முடிந்திருந்தது. பெருநகரமற்ற, பெரும்பாலும் வெள்ளையரே வாழும் அச்சிறு மாநிலத்தின் வழக்கம், ஹூஸ்ரனுக்கும் அற்லாண்டாவுக்கும் முன்மாதிரியாக்கப்பட்டது.

இச்சட்டங்களை எதிர்த்தோருள் பொலிஸ் அதிகாரிகள் முன்னணியில் நின்றமை கவனிக்கத்தக்கது. ரெக்சாஸிலும் ரென்னசியிலும் இந்தியானாவிலும் பொலிஸ் தலைவர்கள் சட்டசபையில் எதிர்த்துப் பேசினர். மிசூரியிலும் மேற்கு வேர்ஜீனியாவிலும் ஆளுநர்களின் தடையுரிமையும் மீறப்பட்டது. ரெக்சாஸில் முன்னர் அனுமதி பெற விரும்புவோர் நான்கு முதல் ஆறு மணிநேரம் பாடங்கேட்டு, சுடுதற் சோதனையிலும் தேறவேண்டும். 2021 செப்டெம்பர் முதலாந் திகதியோடு அக்கட்டாயம் நீங்கிற்று. எல் பாசோவில் ஸ்பானிய மொழி பேசும் மக்களைக் குறிவைத்து நடந்த படுகொலையில் இருபத்துமூவர் மாண்டு இரண்டாண்டு நிறைவதற்குள் அச்சட்டம் கையொப்பமானது. கடையிலே வாங்குவோரை விசாரிக்கும் முறை இன்னும் இருக்கிறதே என்பர். உண்மைதான். ஆனால் தனியார் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது அவ்விசாரணையை மத்திய சட்டம் கோருவதில்லை. அனுமதிப்பத்திரமும் இல்லையெனின், பல மாநிலங்களில் ஒருவன் எக்கட்டத்திலும் எவராலும் வினவப்படாமலே ஆயுதபாணியாகத் தெருவில் இறங்கலாம்.

விளைவு பற்றிய ஆராய்ச்சிச் சண்டை நெடியது. துவக்கு பெருகினால் குற்றம் குறையும் என்று ஜோன் லொற் 1998இல் நூல் எழுதினார். 2004இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் குழு அம்முடிவுக்குப் போதிய ஆதாரமில்லை என்றது. ஏந்துரிமையைத் தளர்த்திய மாநிலங்களில் பத்தாண்டுகளில் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம்வரை மிகுந்ததாக ஜோன் டொனகியூ பின்னர் கணித்தார். 2021இல் அந்நாட்டில் துவக்கால் இறந்தோர் ஏறத்தாழ 48,800 பேர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டவர்கள். கள்வனுக்கென வாங்கிய துவக்கு கள்வனைக் காண்பதற்குமுன் வீட்டாரைக் கண்டுவிடுகிறது.

இங்கேதான் முற்போக்காளருக்கு ஒரு சங்கடம் எழுகிறது. அதை மறைத்தல் தகாது. 2022இல் உயர் நீதிமன்றம் நியூ யோர்க்கின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடிப்படை விதியைத் தள்ளிவிட்டது. அவ்வழக்கில் துவக்குக்காரர் பக்கம் நின்று மனுவளித்தோருள், ஏழைகளுக்காக வாதாடும் நியூ யோர்க்கின் பொதுச் சட்டத்தரணிகளும் இருந்தனர். அனுமதியின்றித் துவக்கு வைத்திருந்த குற்றத்துக்காகத் தாம் நாள்தோறும் நீதிமன்றத்தில் காண்போர் பெரும்பாலும் கறுப்பரும் ஸ்பானிய மொழியினருமே என்பது அவர்கள் முறையீடு. அதை இலகுவில் தள்ளிவிட முடியாது. அனுமதிப்பத்திரம் அடக்குமுறைக் கருவியாக இருந்தது என்பதை மேலே கண்டோம். அங்ஙனமாயின் அதை ஒழிப்பது விடுதலையாகாதா?

ஆகாது என்போம். அனுமதியை மறுக்கும் அதிகாரம் அலுவலக மேசையைவிட்டு அகன்றதே தவிர ஒழியவில்லை. அது வீதிக்கு வந்துவிட்டது. யார் ஏந்தினால் உரிமை, யார் ஏந்தினால் அபாயம் என்பதை இப்போது எதிரே நிற்பவன் ஒரு கணத்தில் தீர்மானிக்கிறான். 2016ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்ரீல் என்ற கறுப்பரின் வாகனத்தைப் பொலிஸ்காரர் நிறுத்தினார். பாடசாலை உணவுச்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த அவரிடம் முறையான அனுமதிப்பத்திரம் இருந்தது. தம்மிடம் துவக்கு உண்டென்று அவரே பணிவாகச் சொன்னார். அடுத்த சில கணங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை மறு ஆண்டு யூரிமார் விடுதலை செய்தனர். பத்திரம் இருந்தவருக்கே அக்கதி எனின், பத்திரம் என்ற ஒன்றே இல்லாத ஊரில் கறுப்பு இளைஞன் தன் உரிமையை எதைக் காட்டி நிறுவுவான்?

சட்டம் மாநிலத் தலைநகரில் செய்யப்படுகிறது; பிணம் விழுவதோ நகரச் சேரியில். நகரசபைகள் தமக்கெனத் துவக்கு விதி வகுப்பதையும் பெரும்பாலான மாநிலங்கள் தடுத்துவிட்டன. 2024இல் லூசியானாச் சட்டசபை இம்மசோதாவை எடுத்தபோது, உல்லாசப் பயணிகளும் குடியும் இரவெல்லாம் நிறைந்த தன் பிரெஞ்சுக் குடியிருப்பை மட்டுமாவது விலக்கிவிடும்படி நியூ ஓர்லியன்ஸ் நகரம் கேட்டது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம் அது. விலக்கு மறுக்கப்பட்டது. சட்டம், நாட்டின் சுதந்திர தினமான ஜூலை 4ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைகளைச் சூழ்ந்த ஆயிரம் அடிக்குள் துவக்கேந்தலாகாது என்ற பழைய விதியொன்று மட்டும் எஞ்சியிருந்தது. நகரப் பொலிசார் யோசித்து, அக்குடியிருப்பின் நடுவேயுள்ள தம் பொலிஸ் நிலையத்தையே தொழிற்கல்விப் பாடசாலை என்று அறிவித்தனர்.