கற்பூர வாசனை வீசும் மணிமாலை

லண்டனுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை, போர்ட்டபெல்லோ ரோடு. தெரு நெடுக பழம்பொருள் கடைகள். ஒரு கடைக்காரர் உங்களைப் பார்த்ததுமே (நம் முகத்தில் அப்படி என்னதான் எழுதி ஒட்டியிருக்கிறதோ!) மூன்று மணிமாலைகளை எடுத்து வெல்வெட் துணிமேல் பரப்புகிறார். பழுப்பு வெள்ளையில் ஒன்று, தேன் நிறத்தில் ஒன்று, கருப்பும் காப்பியும் கலந்து ஒன்று. ''தந்தம்... ஆம்பர்... கொம்பு...'' என்கிறார் தணிந்த குரலில்.

அவசரப்பட்டு பர்ஸைத் திறக்காதீர்கள். மூன்றுமே பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளம்பிவிடவும் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் நகைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களில் ஓவியர் ஆண்டி வார்ஹாலும் ஒருவர்!

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு மணியைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். விரல் சுடுகிற வரை. பிறகு மூக்கருகே கொண்டுபோங்கள்.

முதல் மாலையில் ஒரு வாசனை வருகிறது. எங்கேயோ தெரிந்த வாசனை... அட, நம் பூஜை அறை! கற்பூரம்! வெள்ளைக்காரருக்கு இது சட்டென்று பிடிபடாமல் போகலாம். உங்களுக்கும் எனக்கும் ஒரு நொடி போதும். நீங்கள் முகர்வது செல்லுலாய்ட்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19-ம் நூற்றாண்டில் பில்லியர்ட்ஸ் பந்துகளை யானைத் தந்தத்தில்தான் கடைந்தார்கள். ஆட்டம் பரவப் பரவ, தந்தத்துக்குத் தட்டுப்பாடு. மாற்றுப் பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று 1863-ல் அமெரிக்காவில் ஒரு பந்து கம்பெனி அறிவித்தது. ஆல்பனி நகரில் அச்சுத்தொழில் செய்துகொண்டிருந்த ஜான் வெஸ்லி ஹையட் என்ற இளைஞர் களத்தில் இறங்கினார். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி, அதோடு கற்பூரத்தைச் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்தார். 1870-ல் காப்புரிமை. சீப்பு, கழுத்துப்பட்டை, பொம்மை, மணி என்று எல்லாமே அதில் வந்தன.

ஒரே ஒரு சிக்கல். அமிலத்தில் பதப்படுத்திய பஞ்சு என்பது வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட தம்பி! கொலராடோவிலிருந்து ஒரு மதுக்கடைக்காரர் ஹையட்டுக்கு எழுதினாராம்: 'பந்துகள் வேகமாக மோதினால் லேசாக டப் என்கிறது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சத்தம் கேட்டவுடன் அறையில் உள்ள அத்தனை பேரும் துப்பாக்கியை உருவுகிறார்களே!'

சிரிக்கலாம்தான். ஆனால் 1909-ல் நியூயார்க், புரூக்ளினில் ஒரு செல்லுலாய்ட் சீப்புத் தொழிற்சாலை பற்றி எரிந்து பலர் கருகிப்போனார்கள். ஆகவே, 'ஊசியைக் காய்ச்சி மணியில் குத்திப் பார்' என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

சரி, அவ்வளவு கற்பூரம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தைவான் மலைக்காடுகளிலிருந்து. 1895-ல் தைவானைப் பிடித்த ஜப்பான், 1899-ல் கற்பூரத்தை அரசின் ஏகபோக வியாபாரமாக்கியது. மரங்கள் நின்றதோ அத்தயால் போன்ற ஆதிகுடிகளின் மலைகளில். மரத்தை வெட்டக் காவல் அரண்கள், அரண்களுக்குத் துப்பாக்கி வீரர்கள்... கோடு வருடா வருடம் மலைக்குள் நகர்ந்தது. ஊர்கள் எரிந்தன. 'யானையைக் காப்பாற்றிய பிளாஸ்டிக்' என்று பெருமையாக எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. பிற்பாடு டர்பென்டைனிலிருந்து செயற்கைக் கற்பூரம் வந்த பிறகுதான் அந்தக் காடுகள்மீது இருந்த பிடி தளர்ந்தது.

மணிக்குத் திரும்புவோம். நிஜத் தந்தமென்றால் குறுக்குவெட்டில் வலை பின்னியதுபோல் கோடுகள் தெரியும். செல்லுலாய்டில் நேர்க்கோடுகள், அதுவும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல! (நிஜத் தந்தமாக இருந்தால் இன்னும் வம்பு. 2022-லிருந்து பிரிட்டனில், சில விதிவிலக்குகள் தவிர, தந்த வியாபாரமே குற்றம்.)

மூன்றாவது மாலையைத் தேய்த்தால் பால் அடிப்பிடித்த வாசனை. சந்தேகமே வேண்டாம், பாலேதான்! பாலைத் திரித்துப் புரதத்தை எடுத்து, ஃபார்மலினில் ஊறவைத்துக் கெட்டியாக்குவது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் பிறந்தது. பெயர் கேலலித், கிரேக்க மொழியில் 'பால் கல்'. தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொள்ளும், ஜாக்கிரதை.

நடுவில் இருப்பதுதான் கதாநாயகி. 'ஆம்பர்' என்றாரே, அது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் மரத்தில் வடிந்து இறுகிய பிசின். தேய்த்தால் பைன் பிசின் மணக்க வேண்டும். உங்களுக்கோ பழைய ஆஸ்பத்திரி வராந்தா நெடி... கார்பாலிக் சோப்பு! அப்படியானால் பேக்லைட்.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்ட், மின்கம்பிகளுக்கான காப்புப் பொருளைத் தேடினார். அதுவரை அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன அரக்கு. 1907-ல் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து அவர் செய்த பிசின், ஒருமுறை இறுகினால் பிறகு உருகவே உருகாது. உங்கள் குக்கர் கைப்பிடி அந்த வம்சம்தான். ஆனால் மரத்தூள் கலந்த அந்தச் சரக்கு கருப்பு, காப்பி நிறங்களில்தான் வந்தது. 1927-ல் காப்புரிமை முடிந்ததும் 'கேட்டலின்' என்ற போட்டிக் கம்பெனி மரத்தூள் இல்லாமல் தேன், சிவப்பு, பச்சை என்று வண்ணம் வண்ணமாக வார்த்தது. ஈய அச்சில் ஊற்றி, நாள்கணக்கில் சூட்டில் வைத்து, எடுத்து அறுத்து, துளைபோட்டு, கையால் மெருகேற்றினார்கள். அதனால்தான் அந்த மணிகளில் அச்சின் ஒட்டுக்கோடு இருக்காது. 1930-களின் பஞ்ச காலத்தில் தங்கம் வாங்க முடியாதவர்களுக்கு அதுதான் நகை.

அதே பிசின் மணிகள் ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போயின. 'ஆப்பிரிக்க ஆம்பர்' என்று இன்றும் விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுதான். அதைச் சீதனமாகக் கழுத்தில் போட்டுக்கொண்ட பெண்ணிடம் போய் 'இது போலி' என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

மூக்கடைப்பு என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பை அது கரைய மறுக்கிற வரை போடுங்கள். ஆம்பர் மிதக்கும், பேக்லைட் மூழ்கும். ஆனால் மிதப்பதெல்லாம் ஆம்பர் இல்லை. சில மலிவு பிளாஸ்டிக்குகளும் மிதக்கும்.

வாங்கியே விட்டீர்களா? செல்லுலாய்ட் மாலையை மட்டும் இறுக்கமான டப்பாவில் மூடாதீர்கள். வயசானால் அது அமிலப் புகை விடும். தானும் நொறுங்கி, பக்கத்தில் இருக்கும் நகையையும் அரித்துவிடும். காற்றாடத் தனியாக வையுங்கள்.

இன்னொரு விஷயம். பழைய பேக்லைட்டில் வெள்ளை இருந்தது. காற்றும் வெளிச்சமும் பட்டு வெண்ணெய் நிறமாகிவிட்டது. நீலம் பச்சையாகிவிட்டது. பழைய நிறம் வேண்டுமானால் துளைக்குள் எட்டிப் பார்க்கலாம். எனவே கடைக்காரர் கடைசியாகப் பளீரென்று பால் வெள்ளையில் ஒரு மாலையை எடுத்து, ''1930 பேக்லைட், சார்!'' என்றால், சிரித்துக்கொண்டே நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.