ஒப்பந்தத்துக்கு முன்பே பிறந்த உறவு

1887-இல் ஜப்பானிய இளவரசர் கொமாட்சு இஸ்தான்புல்லுக்கு வந்துபோனார். பதில் மரியாதை செய்ய நினைத்த ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது, 1889 ஜூலையில் ‘எர்துருல்’ போர்க்கப்பலை ஜப்பானுக்கு அனுப்பினார். மரத்தால் கட்டிய பழைய கப்பல். அதில் அறுநூறு பேருக்கு மேல். சூயஸிலேயே தரைதட்டியது. பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் என்று நின்று நின்று யோகஹாமா போய்ச்சேரப் பதினோரு மாதம் ஆனது.

தூதுக்குழுவின் தலைவர் ஒஸ்மான் பாஷா பேரரசர் மெய்ஜியிடம் பரிசுகளை ஒப்படைத்தார். பிறகு கப்பலில் காலரா பரவியது. புயல் காலம், பொறுத்துப் போங்கள் என்று ஜப்பானியர் தடுத்தும் கேளாமல் செப்டம்பர் 15 அன்று நங்கூரம் எடுத்தார்கள். மறுநாள் இரவே ஒஷிமா தீவின் பாறைகளில் மோதிக் கப்பல் உடைந்தது. ஒஸ்மான் பாஷாவும் ஐந்நூறுக்கு மேற்பட்டோரும் மாண்டார்கள். பிழைத்தவர்கள் 69 பேர்.

செங்குத்துப் பாறையில் ஏறிக் கலங்கரை விளக்கத்தை அடைந்தவர்களின் மொழி காவலர்களுக்குப் புரியவில்லை. நாடுகளின் கொடிகள் அச்சிட்ட புத்தகத்தை நீட்டினார்கள். பிறைக்கொடியைத் தொட்டுக் காட்டினார்கள் மாலுமிகள். தீவில் இருந்தவர்கள் ஏழை மீனவர்கள். குளிரில் விறைத்தவர்களைத் தங்கள் உடம்புச் சூட்டால் காத்து, சேமித்த கிழங்கையும் வளர்த்த கோழிகளையும் ஆக்கிப்போட்டார்கள். எந்த அரசாணைக்கும் அவர்கள் காத்திருக்கவில்லை. இந்த உறவின் முதல் தூதர்கள் என்று நான் சொல்வது அவர்களைத்தான்.

பிழைத்தவர்களை ஹியேய், கொங்கோ என்ற இரு போர்க்கப்பல்கள் 1891 ஜனவரியில் இஸ்தான்புல் கொண்டுசேர்த்தன. இறந்தோர் குடும்பங்களுக்கு நன்கொடை திரட்டிய யமாதா தொராஜிரோ என்ற இளைஞர் மறு ஆண்டு அங்கே போய், நெடுங்காலம் தங்கிவிட்டார்.

ஆனால் அரசுகளுக்கிடையே ஒப்பந்தம் மட்டும் கூடிவரவில்லை. தன் குடிமக்களைத் தன் அதிகாரிகளே விசாரிக்கும் உரிமை உள்ளிட்ட, ஒட்டோமான் மண்ணில் ஐரோப்பியருக்கு இருந்த தனிச்சலுகைகளைத் தானும் கேட்டது ஜப்பான். மேற்கத்தியருக்கு அதே சலுகைகளைக் கொடுத்துவிட்டு அவமானத்தில் வெந்துகொண்டிருந்த நாடு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சுல்தான் தரப்பு மறுத்தது நியாயமே. முறையான தூதரக உறவு, பேரரசு மறைந்து துருக்கி குடியரசான பிறகு, 1924-இல்தான் மலர்ந்தது. 1945-இல் துருக்கி ஜப்பான்மீது போர் அறிவித்ததும் உண்டு. 1952-இல் உறவு மீண்டது.

ஈரான்-ஈராக் போரின்போது, 1985 மார்ச்சில், ஈரான் வான்வெளியில் பறக்கும் விமானங்கள் சுடப்படும் என்று ஈராக் கெடு விதித்தது. தெஹ்ரானில் சிக்கிய தன் மக்களை மீட்க ஜப்பானால் விமானம் அனுப்ப முடியவில்லை. கெடு முடிவதற்குள் துருக்கிய விமானங்கள் 215 ஜப்பானியரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டன. அதே நகரில் காத்திருந்த துருக்கியர் பலர் சாலை வழியே ஊர் திரும்பினார்கள்.