மரங்களுக்காக ஒரு யுத்தம்

வரிசையில் நிற்கிறார்கள். ஆண்கள், பெண்கள், கிழவர்கள், கைக்குழந்தையை முதுகில் கட்டிய தாய்மார்கள். வெள்ளை, நீலம், பச்சை என்று தரையைத் தொடும் அங்கிகள். சிலர் கையில் நீளமான கோல். பின்னால் எங்கோ டிரம் ஒலிக்கிறது. திருவிருந்துக்கு முன்னால் பாவங்களை அறிக்கையிட வேண்டும். அதற்காகத்தான் வரிசை.

என்ன பாவம்? களவு, பொய், அடுத்தவன் பெண்டாட்டி என்றுதானே நினைப்பீர்கள்? அதெல்லாம் உண்டு. ஆனால் இந்த வரிசையில் வேறு ஒரு பட்டியலும் ஓடிக்கொண்டிருந்தது. பச்சை மரத்தை வெட்டியது ஒரு பாவம். ஆற்றங்கரையை ஒட்டி உழுதது ஒரு பாவம். மாடு பூட்டிய சறுக்கு வண்டியை ஒரே தடத்தில் இழுத்து இழுத்து, மழையில் அந்தத் தடம் ஓடையாகி மண்ணெல்லாம் போனதே, அதுவும் பாவம். அறிக்கையிட்டு, அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டு, கையில் ஆளுக்கொரு மரக்கன்றோடு வயலுக்குப் போனார்கள். அங்கே பிஷப், நடப்போகும் நிலத்தின்மீது ஜெபித்த தண்ணீரைத் தெளித்தார். நட்டவர்கள் கன்றோடு பேசினார்கள். நிழல் கொடு, மழையைக் கூப்பிடு என்று.

இடம், ஜிம்பாப்வேயின் மஸ்விங்கோ மாகாணம். காலம், 1990களின் தொடக்கம்.

இதில் பெரிய ஆச்சரியம் இந்தச் சடங்கு அல்ல. அதே மாகாணத்தில், அதே காரணத்துக்காக, இந்தக் கிறிஸ்தவர்கள் 'பிசாசு பிடித்தவர்கள்' என்று ஒதுக்கி வைத்திருந்த சாமியாடிகளும் மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே அமைப்பின்கீழ் இருந்தது. எப்படி முடிந்தது?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1890ல் செசில் ரோட்ஸ் அனுப்பிய படை உள்ளே வந்தது. நாட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ரொடீஷியா. 1896ல் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஷோனா மொழியில் அதற்குப் பெயர் 'சிமுரெங்கா'. விடுதலைப் போர். முன்னின்றவர்களில் நெஹாண்டா என்ற மூதாதை ஆவி இறங்கும் ஒரு பெண்மணியும் உண்டு. 1898ல் அவரைத் தூக்கில் போட்டார்கள். எழுச்சி அடங்கியது.

அப்புறம் வந்தது 1930ம் வருடத்து நிலப் பகிர்வுச் சட்டம். 'பகிர்வு' என்ற வார்த்தையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுமார் ஐம்பதாயிரம் வெள்ளையர்களுக்கு நாட்டின் பாதி நிலம். பத்து லட்சத்துக்கும் அதிகமான கறுப்பர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதிலும் நல்ல மண், நல்ல மழை எல்லாம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சிய துண்டு நிலத்தில் ஜனம் பெருகியது. ஆடு மாடு பெருகியது. விறகு வேண்டும், வீடு கட்டக் கம்பு வேண்டும், விதைக்க இடம் வேண்டும். மரம் எங்கே நிற்கும்?

வெள்ளை அரசு, 'மண்ணைப் பாதுகாக்கிறோம்' என்று சட்டம் போட்டது. இங்கே உழாதே, அங்கே வரப்புப் போடு, மாட்டைக் குறை. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டவனே வந்து மண்ணின் அருமையைப் பற்றிப் பாடம் எடுத்தால் யாருக்குத்தான் எரியாது? சட்டத்தை மீறுவதே தேசபக்தி ஆகிவிட்டது. மரத்தைக் காப்பது வெள்ளைக்காரன் வேலை என்று ஆனது அப்படித்தான்.

இரண்டாம் சிமுரெங்கா 1960களின் நடுவில் மூண்டு 1979 வரை நடந்தது. இந்தப் போரிலும் சாமியாடிகளுக்குப் பெரிய பங்கு. காட்டுக்குள் கெரில்லாக்களுக்கு வழி சொன்னார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விதி வகுத்தார்கள். மூதாதையரின் மண்ணை மீட்கும் போர் என்றால் மூதாதையர் இல்லாமலா? 1980 ஏப்ரல் 18. சுதந்திரம்.

மண் கிடைத்தது. மரம்?

ஷோனா மக்களிடம் 'மரம்போடெம்வா' என்று ஒன்று உண்டு. வெட்டக் கூடாத காடு. தலைவர்களைப் புதைத்த மலைகள், மூதாதையர் உறையும் தோப்புகள். நம் ஊர்க் கோயில்காடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். போரின்போதும், போருக்குப் பிறகு ஜனங்கள் நிலம் தேடிப் பரவியபோதும், அதிலும் கோடாலி விழுந்தது. மலை மொட்டையானது. ஊற்றுகள் வற்றின.

இந்த இடத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். மர்த்தினஸ் டேனீல். இனுஸ் டேனீல் என்று கூப்பிடுவார்கள். வெள்ளையர். மஸ்விங்கோ பக்கத்தில் மோர்கன்ஸ்டர் என்ற டச்சு சீர்திருத்தச் சபை மிஷனில், மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். ஷோனா மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆம்ஸ்டர்டாமில் இறையியல் படித்துவிட்டு 1960களில் ஊருக்குத் திரும்பி, கிராமங்களில் தங்கி, ஒரு வேலை பார்த்தார். வெள்ளைக்கார மிஷன்களை உதறிவிட்டு ஆப்பிரிக்கர்கள் தாங்களே தொடங்கிய சபைகளை ஆராய்ந்தார். ஜியோன் சபைகள், அப்போஸ்தலர் சபைகள் என்று நூற்றுக்கணக்கில். மிஷன்காரர்கள் ஏளனமாகப் பார்த்த சபைகள் அவை. டேனீல் மரியாதையோடு பார்த்தார். மூதாதை வழிபாட்டையும் அப்படியே பார்த்தார். போரில் சாமியாடிகளின் பங்கு பற்றி, 'மாஃபுரன்ஹுன்ஸி கும்போ' என்ற ஷோனாப் பெயரில் ஒரு நாவலே எழுதியவர்.

1980களில் அவர் நடத்திவந்த ஆராய்ச்சிக் கூடம் மத ஆராய்ச்சிக்கும் சூழல் பாதுகாப்புக்குமான அமைப்பாக மாறியது. சுருக்கப் பெயர் 'ஜிர்கான்'. ஊர்த்தலைவர்கள், சாமியாடிகள், முன்னாள் கெரில்லாக்களோடு பேச்சு. பேசப் பேச ஒரு விஷயம் தெளிவானது. முதல் சிமுரெங்காவும் இரண்டாம் சிமுரெங்காவும் மண்ணை மீட்கத்தான். மீட்ட மண் நிர்வாணமாகக் கிடக்கிறதே? அப்படியானால் போர் முடியவில்லை. அடுத்த யுத்தம், மரங்களுக்கான யுத்தம்.

1988ல் பாரம்பரியவாதிகளின் சங்கம் உதயமானது. 'அஸ்ட்ரெக்'. கேழ்வரகில் காய்ச்சிய பீரைப் படைத்து, மூக்குப்பொடி வைத்து, மூதாதையரிடம் சொல்லிவிட்டு மரம் நட்டார்கள். அவர்கள் பாஷையில் அது 'நிலத்துக்கு ஆடை உடுத்துவது'. வெள்ளைக்காரன் சட்டம் என்றால் மீறலாம். பாட்டன் பூட்டனின் சட்டத்தை எப்படி மீறுவது?

சரி, சபைக்காரர்கள்? அவர்கள்தான் ஜனத்தொகையில் பெரும் கூட்டம். ஆனால் பீர் படைக்கிற இடத்தில் அவர்களால் நிற்க முடியாது. மூதாதை ஆவிகளை ஓட்டுவதே இந்தச் சபைகளின் தீர்க்கதரிசிகளுக்கு முக்கியமான வேலை. சாமியாடியின் பக்கத்தில் போய் நின்று கன்று நடு என்றால்?

சாதாரணமாக இங்கே ஒரு மாநாடு போடுவார்கள். 'எல்லா மதமும் ஒன்றே' என்று தீர்மானம் போடுவார்கள். காபி குடித்துவிட்டுக் கலைவார்கள். டேனீல் அதைச் செய்யவில்லை. 1991ல் சபைகளுக்கு என்று தனியாக ஒரு சங்கம். பூமி காக்கும் ஆப்பிரிக்கச் சபைகளின் சங்கம். நூற்றுக்கும் மேற்பட்ட சபைகள் சேர்ந்தன. நாற்றங்கால் பொது. நோக்கம் பொது. சாமி தனித்தனி. ஒருவர் விழாவுக்கு மற்றவர் விருந்தாளியாகப் போகலாம். சடங்கில் பங்கெடுக்க வேண்டாம். குழி தோண்டினால் போதும்.

அப்படித்தான் நடந்தது. சாமியாடி பீர் ஊற்றும்போது பிஷப் தள்ளி நின்றார். பிஷப் ஜெபிக்கும்போது சாமியாடி பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை. யாரும் தன் நம்பிக்கையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. பகையாளிகள் சேர்ந்து வேலை செய்ய, பகை முதலில் தீர்ந்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

சபைகள் இதைத் தங்கள் வழியில் இன்னும் ஆழமாகவே எடுத்துக்கொண்டன. ஞானஸ்நானம் கொடுக்கிற ஆறு எதுவானாலும் அவர்களுக்கு யோர்தான்தான். அந்த யோர்தானில் இறங்குமுன் புதியவர்கள் மரம் வெட்டிய பாவத்தையும் சொல்ல வேண்டும் என்றார்கள். பூமியை அழிப்பவனை 'முரோயி' என்றார்கள். சூனியக்காரன் என்று அர்த்தம். ஷோனா மொழியில் இதைவிடக் கடுமையான வசவு இல்லை. இந்த வார்த்தையை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். சூனியக்காரர் என்று பட்டம் கட்டி மனிதர்களைத் துரத்தியடித்த சரித்திரம் உலகம் முழுக்க இருக்கிறது. ஆனால் பாவ அறிக்கை வரிசையில் அந்தப் பட்டத்தை அடுத்தவர் சூட்டவில்லை. அவரவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்கள். வித்தியாசம் அதுதான்.

விளைவு? 1990களின் இறுதிக்குள் பல லட்சம் கன்றுகள். விறகுக்கும் வீட்டுக் கம்புக்கும் தைலமரம். வீட்டுப் பக்கத்தில் பழமரம். மலையிலும் தோப்பிலும் மண்ணின் சொந்த மரங்கள். நாற்றங்கால்களில் பெண்களின் உழைப்பு நிறைய. தென் ஆப்பிரிக்கப் பிராந்தியத்திலேயே சாதாரண ஜனங்கள் நடத்திய மிகப் பெரிய மரம் நடும் இயக்கங்களில் ஒன்று.

நான் பி.காம். படித்தவன். வரவைச் சொன்னால் செலவையும் சொல்லியாக வேண்டும்.

நட்டதெல்லாம் பிழைக்கவில்லை. 1991-92ல் தென் பிராந்தியத்தையே வாட்டிய வறட்சி. குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் கன்றுக்கு எங்கே போவது? மீந்ததை ஆடு மேய்ந்தது. இன்னொன்று, பணம். வாகனம், நாற்றங்கால், வேலி, சம்பளம் எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு நன்கொடைதான் ஆதாரம். 2000ல் வெள்ளையர் பண்ணைகளுக்குள் கூட்டம் புகுந்தது. அரசியல் கொதித்தது. நன்கொடையாளர்கள் கையை விரித்தார்கள். 2008ல் பணவீக்கத்தை எழுதக் காகிதம் போதவில்லை. 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலருக்கு ஒற்றை நோட்டு அடித்தார்கள். புதிதாக நிலம் பெற்ற சிறு விவசாயிகள் புகையிலை போட்டார்கள். இலையைப் பதப்படுத்த நெருப்பு வேண்டும். மறுபடி விறகு. மறுபடி கோடாலி.

அப்படியானால் யுத்தம் தோற்றதா?

ஐந்தொகைக் கணக்குப் போட்டால் அப்படித்தான் தெரியும். ஆனால் சில சொத்துகள் ஐந்தொகையில் ஏறாது. வெள்ளை அரசு ஐம்பது வருஷம் தண்டனையைக் காட்டிச் செய்ய முடியாத காரியம் அது. மரத்தை வெட்டினால் அபராதம் என்ற இடத்தில், மரத்தை வெட்டினால் பாட்டன் பார்ப்பான், கர்த்தர் கேட்பார் என்று ஜனங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அரசு மரத்தை மீண்டும் தங்கள் மரமாக ஆக்கிக்கொண்டார்கள். அந்தச் சில வருடங்கள் அது நடந்தது. நடக்க முடியும் என்று தெரிந்தது.

நட்ட மரங்களில் ஏதாவது ஒன்று மஸ்விங்கோவில் இன்னும் நின்றுகொண்டிருந்தால், அதன் நிழலில் உட்காருகிறவர்களுக்குத் தெரியப்போவதில்லை, அதற்குத் தண்ணீர் தெளித்தது பிஷப்பா, பீர் தெளித்தது சாமியாடியா என்று. மரத்துக்கும் தெரியாது.