புளோரன்சு நகரின் பாதிப் பதக்கங்கள்
இத்தாலியின் புளோரன்சு நகரம் என்றதும் பேராலயக் குவிமாடத்தையே பலரும் புகழ்வர். அதனை எழுப்பிய புரூனெல்லெசுக்கி வடிவமைத்த இன்னொசென்டி இல்லமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகப் பட்டு வணிகர் சங்கத்தின் ஆதரவில் 1419ஆம் ஆண்டு அதன் கட்டுமானம் தொடங்கியது. 1445இல் முதற்குழந்தை ஏற்கப்பட்டது. அது பெண் மகவு. துணியில் சுற்றிய மழலையரின் சுடுமண் சிற்பங்கள் பின்னாளில் முகப்பை அணிசெய்தன.

பெற்றோர் சிலர் பதக்கமொன்றை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் குழந்தையோடு விட்டுச்சென்றனர். என்றேனும் மீட்க வந்தால் தம் பிள்ளையை அடையாளங்காண வேண்டுமல்லவா? பெயர் கூறாது பிள்ளையை விட்டுச்செல்லும் வழக்கம் 1875இல் நிறுத்தப்பட்டது. இல்லத்தின் அருங்காட்சியகத்தில், சின்னஞ்சிறு இழுப்பறைகளுக்குள், அப்பாதிப் பதக்கங்களை இன்றும் காணலாம்.