கற்றச்சன்: ஒரு தொழிற்பெயரின் வரலாறு

கல்லில் வினைசெய்வோரைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. சிற்பி என்கிறோம்; ஸ்தபதி என்கிறோம்; சுவர் எழுப்புவோரைக் கொத்தனார் என்கிறோம். போர்த்துக்கீசியர் வழியே வந்த மேஸ்திரியும் மலைநாட்டில் நிலைத்துவிட்டார். இவற்றிடையே வழக்கருகிப்போன பழஞ்சொல் கற்றச்சன் என்பது. கல், தச்சன் என்னும் இருசொற்கள் புணர்ந்து பிறந்தது அது. அச்சன் என்றால் தந்தை என்று வழங்கும் இந்நகரில், நம் இளைஞர் அதனைக் 'கற்ற அச்சன்' என்று பிரித்துக்கொண்டால் வியப்பதற்கில்லை!

தச்சன் மரவேலை செய்பவனாயிற்றே, அவனுக்குக் கல்லோடு என்ன உறவு என்று வினவலாம். அவ்வுறவை உரைப்பதே இச்சொல்லின் சிறப்பு என்பது எம் கருத்து. கற்கோயில் தோன்றுமுன் தமிழகத்துக் கோயில்கள் மரத்தாலும் செங்கல்லாலும் சுதையாலும் ஆனவை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்குமின்றிக் கோயில் கண்டதை மண்டகப்பட்டுக் குடைவரையில் பெருமிதத்துடன் பொறித்து வைத்தான். அரசன் பெருமை அரசனுக்கு. உளி பிடித்த கை மரத்தில் பழகிய கையாகவே இருந்திருத்தல் வேண்டும்.

கற்கோயில்களே இதற்குச் சான்று பகரும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் கல்லுருவம். ஆவுடையார்கோயிலின் கொடுங்கையை அண்ணாந்து நோக்குவோர், கல்லிலேயே வரிச்சட்டங்களையும் அவற்றைப் பிணைக்கும் ஆணிகளின் குமிழ்களையும் காண்பர். கல்லுக்குச் சட்டம் எதற்கு? ஆணி எதற்கு? தாங்கும் பணி எதுவும் அவற்றிற்கு இல்லை. முன்னோர் மரத்தில் செய்ததைக் கை மறக்கவில்லை என்பதன்றி வேறு காரணம் கூறுதல் அரிது. தச்சுமுழம் என்னும் 33 அங்குல அளவுகோலும் அவ்வாறே; கோயிற் பணிக்கும் மனைப்பணிக்கும் அதுவே அளவாயிற்று. பொருள் மாறியது, கோலும் பெயரும் மாறவில்லை.

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பாறையொன்றில் கேவாத பெருந்தச்சன், குணமல்லன், சாதமுக்கியன் முதலிய பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. மாமல்லபுரப் பணியில் ஈடுபட்டோர் பெயர்கள் இவை என்று அறிஞர் கொள்வர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டும் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று, அரசனின் பெயரையே தச்சனுக்குப் பட்டமாகச் சூட்டிக் காட்டுகிறது. அக்கோயில் முற்றுப்பெற்றது 1010-இல்.

மலைநாட்டில் இப்பெருந்தச்சன் வேறொருவன். பறைச்சி பெற்ற பன்னிரு குலத்துள் ஒருவனாகிய உளியன்னூர்ப் பெருந்தச்சன் மரத்தின் மன்னன். மகன்மீது உளி வீழ்ந்த கதையைக் கேட்டறியாதார் ஈண்டு இலர். (அப்பன்னிருவருள் வள்ளோன் என்பாரை நம் வள்ளுவரோடு இணைத்துக் கூறுவாரும் உளர்; அது தனி ஆய்வுக்குரியது.) சோழநாட்டில் கல்லுக்குச் சென்ற பட்டம், மரக்கூரை மேலோங்கி நின்ற மலைநாட்டில் மரத்தோடே தங்கிவிட்டது. சொல் ஒன்று, நாட்டுக்கு நாடு கைப்பொருள் வேறு.

இவ்விரு மரபும் சந்திக்கும் இடம் நம் திருவனந்தபுரம். பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்துக் கல், ஏறத்தாழ 20 அடிச் சதுரமும் இரண்டரை அடிப் பருமனும் உடையது. திருமலையிலிருந்து கொணர்ந்து 1731-இல், மார்த்தாண்ட வர்மர் ஆட்சியில், அமைக்கப்பெற்றது. அவர் காலத்துச் சீவேலிப்புரைப் பணியில் 4,000 கல்வினைஞரும் 6,000 கூலியாட்களும் 100 யானைகளும் ஆறு திங்கள் உழைத்ததாகக் கோயில் வரலாறு கூறும்.

அந்த நாலாயிரவரை ஆங்கில நூல்கள் 'மேசன்' என்று குறிக்க, அதனைத் தமிழாக்குவோர் 'கொத்தனார்' என்று எழுதிவிடுகின்றனர். கொத்துதல் என்னும் வினை உளிக்கும் உரியதே; ஆயினும் இன்றைய வழக்கில் கொத்தனார் செங்கல்லும் சாந்தும் அடுக்குபவர். முந்நூற்று அறுபத்தைந்தேகால் என்று கணக்கிட்டுச் சொல்லப்படும் அக்கருங்கல் தூண்களைச் செதுக்கி இழைத்து நிறுத்தியவர் கற்றச்சர்.