பழைய காரில் எண்ணெய்க் கசிவு: போத்தல் மருந்து எதுவரை கைகொடுக்கும்?

சாகா இஸ்வரா, வீரா, கஞ்சில், முதல் தலைமுறை மைவி. மலேசியாவில் பல குடும்பங்களின் அன்றாடப் பயணம் இன்னும் இந்தக் கார்களை நம்பித்தான் நடக்கிறது. வீரா 1993-இலும் கஞ்சில் 1994-இலும் அறிமுகமாயின. இரண்டின் தயாரிப்பும் 2009-இல் நின்றது. அவற்றில் ஆகக் கடைசியாக வெளிவந்த கார்கூட இன்று பதினைந்து வயதைக் கடந்துவிட்டது. 2005-இல் வந்த முதல் மைவி இருபதை எட்டிவிட்டது.

இந்த வயதுக் கார்கள் இரவு நின்ற இடத்தில், காலையில் கறுப்பாக இரண்டு சொட்டு கிடப்பது புதிதல்ல. பட்டறைக்குப் போனால் செலவு எவ்வளவு ஆகுமோ என்ற கவலையில் பலர் முதலில் போவது உதிரிபாகக் கடைக்கு. அங்கே அடுக்கில் “ஊற்றினால் போதும், கசிவு நின்றுவிடும்” என்று சொல்லும் சிறு போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. பட்டறைக் கூலியோடு ஒப்பிட்டால் விலையும் குறைவு. உண்மையில் அது வேலை செய்கிறதா?

ஒரே ஒரு வகைக் கசிவுக்கு, பல வேளைகளில் செய்கிறது. மற்ற வகைகளுக்குச் செய்வதில்லை. தன் காரில் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் வாங்குவதால்தான் பணம் வீணாகிறது.

கசிவு வேறு, ஒழுகல் வேறு

தமிழில் இந்த இரண்டு சொல்லும் ஒன்றல்ல, என்ஜினிலும் அப்படித்தான். உலோகப் பரப்பில் ஈரம் படிந்து, தூசி ஒட்டி, நாள்பட ஒரு சொட்டாகத் திரள்வது கசிவு. சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து விழுவதும், கார் ஓடும்போதே வழிவதும் ஒழுகல். போத்தலில் உள்ள திரவம் முதலாவதற்காகச் செய்யப்பட்டது. ஒழுகும் என்ஜினில் ஊற்றினால், ஊற்றிய திரவமும் சேர்ந்தே ஒழுகும்.

என்ஜினுக்குள் சுழலும் தண்டு வெளியே வரும் இடங்களில் ரப்பர் வளையம் ஒன்று உண்டு. பட்டறைகளில் அதை ‘ஆயில் சீல்’ என்பார்கள். அதன் மெல்லிய உதடு தண்டின் மீது அழுந்தி நின்று எண்ணெயை உள்ளேயே நிறுத்துகிறது. ஓடும் என்ஜினில் எண்ணெயின் வெப்பம் சாதாரணமாகவே நூறு டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டில் வெந்த ரப்பர், தனக்கு நெகிழ்வைத் தரும் பொருளை இழந்து, இறுகிச் சுருங்குகிறது. உதடு தண்டோடு ஒட்டி நிற்பதில்லை. அந்த மயிரிழை இடைவெளியில்தான் கசிவு தொடங்குகிறது.

கசிவை நிறுத்துவதாகச் சொல்லும் திரவங்களில் பெரும்பாலானவற்றின் அடிப்படை, எஸ்டர் வகை வேதிப்பொருள்கள். இவை ரப்பருக்குள் ஊறி அதைச் சற்றே உப்ப வைத்து மென்மையாக்குகின்றன. சுருங்கிய உதடு மீண்டும் தண்டைத் தொடுகிறது. இது மாயமல்ல. நல்ல என்ஜின் எண்ணெய்களிலேயே, சீல்கள் சுருங்காமலிருக்க இத்தகைய பொருள்கள் அளவோடு சேர்க்கப்படுகின்றன. போத்தல் அதே பொருளைக் கூடுதலாகத் தருகிறது. ஊற வேண்டும் என்பதால் பலன் உடனே தெரியாது. சில நாள்கள், சில நூறு கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்படும். ஊற்றிய மறுநாளே “நின்றுவிட்டது” என்று யாராவது சொன்னால், நின்றதற்கு வேறு காரணம் இருக்கும்.

இன்னொரு வகைத் திரவம் தேன்போல் கெட்டியாக இருக்கும். அது ரப்பரை ஒன்றும் செய்வதில்லை. எண்ணெயைத் தடிப்பாக்குகிறது, அவ்வளவுதான். தடித்த எண்ணெய் சிறு இடைவெளியில் மெதுவாக வெளியேறுவதால் கசிவு குறைந்தது போலத் தோன்றும். பழைய புரோட்டோன்களுக்கு 20W-50 எண்ணெயைப் போமன்கள் ஊற்றச் சொல்வதும் இதே கணக்கில்தான். அதற்குத் தனிப் போத்தல் வாங்கத் தேவையில்லை.

கிழிந்த சீல், வெடித்த கேஸ்கெட், தளர்ந்த போல்ட், தேய்ந்த வடிகால் திருகு, விரிசல் விட்ட எண்ணெய்த் தொட்டி, வெடித்த எண்ணெய்க் குழாய் ஆகிய எதையும் எந்தத் திரவமும் ஒட்டவைக்காது. தண்டின் மீது சீல் உராய்ந்து உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலும் ரப்பர் உப்பிப் பயனில்லை.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்

கீழே விழுவது என்ஜின் எண்ணெய்தானா என்பதே முதல் கேள்வி. நம் நாட்டு வெயிலில் காருக்கு அடியில் காணப்படும் ஈரம் பெரும்பாலும் குளிர்சாதனத்திலிருந்து வடியும் வெறும் தண்ணீர். சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் ஆட்டோ கியர் எண்ணெயாகவோ பவர் ஸ்டீயரிங் எண்ணெயாகவோ இருக்கலாம். பச்சையாக, விரலில் வழவழவென்று இருந்தால் ரேடியேட்டர் நீர். மலாய்க்காரர்கள் ‘மின்யாக் ஹித்தாம்’ என்று சொல்லி, நம்மவர்களும் அப்படியே சொல்லப் பழகிய என்ஜின் எண்ணெய், பெயருக்கேற்றபடி கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும். இரவில் என்ஜினுக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் நிறமும் அளவும் இடமும் காலையில் தெரிந்துவிடும். ரேடியேட்டருக்கென்று தனியாகக் கசிவு நிறுத்தும் திரவம் உண்டு. அதை எண்ணெயிலோ, இதை ரேடியேட்டரிலோ ஊற்றிவிடக் கூடாது.

அடுத்தது, எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறது என்பது. எண்ணெய் கீழ்நோக்கி வழியும்; ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கி அடிக்கும். ஆகவே சொட்டு விழும் இடம் கசிவின் இடமல்ல. அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி ஈரமாக இருப்பதைப் பார்த்து அதன் கேஸ்கெட்டை மாற்றிய பிறகும் கசிவு தொடர்ந்த கதைகள் பட்டறைகளில் ஏராளம். என்ஜினை நன்றாகக் கழுவி, ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, டார்ச் விளக்கோடு மேலிருந்து பார்க்க வேண்டும். ஈரம் தெரியும் ஆக உயரமான இடம்தான் புறப்படும் இடம். கழுவிய பகுதியில் லேசாகப் பவுடர் தூவினால் ஈரத்தின் தடம் தெளிவாகத் தெரியும்.

பழைய கார்களில் அடிக்கடி மாட்டுவது என்ஜினின் தலைமேல் உள்ள வால்வு மூடியின் கேஸ்கெட். அதை மாற்றுவது எளிய வேலை; பாகமும் விலை மலிவு. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வீரா, கஞ்சில் என்ஜின்களில், அது தலைப்பகுதியோடு சேரும் இடத்திலுள்ள சிறு ரப்பர் வளையம் இறுகி எண்ணெயை விடும். அந்த வளையத்தின் விலை சில ரிங்கிட்தான். இந்த இரண்டுக்கும் போத்தல் வாங்குவது, செருப்பு வார் அறுந்ததற்குப் பசை தேடுவது போலத்தான்.

வால்வு மூடியிலிருந்து வரும் எண்ணெயைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. அது பழுக்கக் காய்ந்த புகைபோக்கிக் குழாயின் மீது விழுந்தால் கருகிய வாடையும் புகையும் வரும்; தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. முன்பக்கச் சீல்களில் தொடங்கும் கசிவு டைமிங் பெல்ட்டை நனைத்தால் பெல்ட்டின் ஆயுள் குறையும். அது ஓட்டத்தில் அறுந்தால், பல என்ஜின்களில் வால்வுகள் வளைந்து ‘டாப் ஓவர்ஹால்’ வரை கொண்டுபோய்விடும். இந்த இரண்டு இடங்களிலும் திரவத்தை ஊற்றிவிட்டுக் காத்திருப்பது தவறு.

பலர் பார்க்காமல் விடும் பாகம் ஒன்று உண்டு. என்ஜினின் அடிவயிற்றில் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறு வால்வு அது. பட்டறையில் ‘பிசிவி வால்வு’ என்று கேட்டால் புரியும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீல்களையும் மீறி எண்ணெயை வெளியே தள்ளும். பல இடங்களில் ஒரே சமயத்தில் கசிவு தொடங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அடைப்பை நீக்காமல் எத்தனை போத்தல் ஊற்றினாலும், புதுச் சீல்களே மாட்டினாலும் கசிவு திரும்ப வரும்.

போத்தலுக்கு நியாயம் உள்ள இடம்

என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், கிராங் தண்டின் பின்முனையில் ஒரு சீல் இருக்கிறது. சீலின் விலை பெரிதல்ல; ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். பாகத்தைவிடக் கூலி பல மடங்கு. இருபது வயதுக் காரின் சந்தை விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு பலரை யோசிக்க வைப்பது இயல்பு. இங்கே கசிவு சிறிதாக இருந்து, பிசிவி வால்வும் சரியாக இருந்தால், சீலை மென்மையாக்கும் எஸ்டர் வகைத் திரவத்தை ஒருமுறை முயன்று பார்ப்பதில் தவறில்லை. பலித்தால் மாதங்கள் கிடைக்கும். பலிக்காவிட்டால் இழப்பு ஒரு போத்தலின் விலை.

கைக்கியர் காரில் மட்டும் ஒரு நிபந்தனை. அந்த எண்ணெய் கிளட்ச் தட்டில் படிந்து, மேடு ஏறும்போது என்ஜின் உறுமியும் கார் வேகமெடுக்காமல் வழுக்கினால், திரவத்துக்கான நேரம் கடந்துவிட்டது. எண்ணெய் குடித்த கிளட்ச் தட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும். அப்போதே பின் சீலையும் மாற்றச் சொன்னால் கூலி ஒருமுறையோடு முடியும். போமன் தானாகவே செய்துவிடுவார் என்று நினைக்காமல் வாய்விட்டுக் கேட்பது நல்லது.

அடுத்த எண்ணெய் மாற்றம் நெருங்கிவிட்டவர்களுக்குத் தனிப் போத்தலைவிட நல்ல வழி இருக்கிறது. அதிக மைல் ஓடிய கார்களுக்கென்று விற்கப்படும் என்ஜின் எண்ணெய்களில் சீல்களைப் பராமரிக்கும் பொருள், மற்றச் சேர்மானங்களோடு அளவு பார்த்துக் கலக்கப்பட்டிருக்கும். 120,000 கிலோமீட்டர் தாண்டிய என்ஜின்களுக்கு அவை பரிந்துரைக்கப்படுகின்றன.

“செயற்கை எண்ணெய்க்கு மாறியதும் ஒழுக ஆரம்பித்துவிட்டது” என்ற புகாரில் பாதி உண்மை உண்டு. இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்த பழைய கசடைப் புது எண்ணெய் கழுவிவிடும்போது, முன்பே கெட்டிருந்த சீல் வெளிச்சத்துக்கு வருகிறது.

அளவு மீறினால்

போத்தலின் அளவைப் படிக்காமல் முழுதாக ஊற்றுவது பரவலான பழக்கம். பல போத்தல்கள் நான்கைந்து லிட்டர் எண்ணெய் கொள்ளும் என்ஜினை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகின்றன. மூன்று சிலிண்டர் கஞ்சிலில் கொள்வதோ ஏறக்குறைய மூன்று லிட்டர். அதில் முழுப் போத்தலையும் கவிழ்த்தால் விகிதம் எகிறும். எண்ணெய் மட்டமும் கோட்டைத் தாண்டும். அளவுக்கு மேல் உப்பிய ரப்பர் தளர்ந்து, சிறு கசிவு பெரிதாகவும் கூடும். ஊற்றும் திரவத்தின் அளவுக்கு எண்ணெயைக் குறைத்து, டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்குள் நிறுத்த வேண்டும்.

மைவி 1.3 போன்ற கார்களில் வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குகிறது, வழிகளும் குறுகியவை. தேன்போன்ற தடிப்பாக்கிகள் அங்கே வேண்டாம். மோட்டார் சைக்கிள் வைத்திருப்போரும் கவனிக்க: பெரும்பாலான காப்சாய்களில் கிளட்ச், என்ஜின் எண்ணெயிலேயே ஊறி இயங்குகிறது. காருக்கான திரவம் அங்கே போனால் கிளட்ச் வழுக்கும்.

புகையும் பழைய கார் வாங்குவோரும்

தரையில் ஒரு சொட்டும் இல்லை, ஆனால் எண்ணெய் குறைகிறது என்றால் அது உள்ளேயே எரிகிறது. காலையில் முடுக்கியதும் நீலப்புகை ஒரு கணம் வந்து மறைந்தால் வால்வுத் தண்டுச் சீல்கள் இறுகியிருக்கலாம். இவையும் ரப்பர்தான், எஸ்டர் திரவத்துக்கு ஓரளவு இணங்கும். அழுத்தி ஓட்டும்போதெல்லாம் புகை வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். உலோகத் தேய்வுக்குப் போத்தலில் மருந்து இல்லை.

ஆனால் தடிப்பாக்கி, அந்தப் புகையைச் சில வாரங்களுக்கு அடக்கி வைக்கும். கழுவி மினுமினுக்கும் என்ஜினோடு ஒரு பழைய கார் விற்பனைக்கு நின்றால், வாங்குபவர் அதைத் தூய்மை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எண்ணெய் மூடியைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கலாம். எண்ணெய் வழக்கத்தைவிடப் பிசுக்காக நூல்போல் இறங்கினால் காரணம் கேட்க வேண்டும். என்ஜின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, முந்தின நாளே சொல்லிவைத்து, வாங்குபவர் கண்முன்னால் முடுக்கச் சொல்வது இன்னும் நல்லது. உரிமை மாற்றத்துக்குப் புஸ்பகோம் பரிசோதனையில் தேறிவிட்டது என்பது, என்ஜினின் உட்புறம் நலமாக இருக்கிறது என்பதற்கான சான்றிதழ் அல்ல.

எந்தத் திரவத்தை ஊற்றினாலும், ஊற்றாவிட்டாலும், கசியும் காரில் டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். காரைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்துப் பார்ப்பது சரியான முறை. மூன்று லிட்டர் கொள்ளும் என்ஜினில் ஒரு லிட்டர் குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். எண்ணெய் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அது மட்டத்தை அல்ல, அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. ஓட்டத்தில் எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோர் பழைய எண்ணெயைக் கால்வாயில் கொட்டாமல், மூடியுள்ள கலனில் ஊற்றிப் பட்டறையில் ஒப்படைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தர விதிமுறைகளில் கழிவு மசகு எண்ணெய் SW 305 என்ற எண்ணில் அட்டவணையிடப்பட்ட கழிவாகும்.